குறைந்த செலவில் குளுமையான வீடு: அமெரிக்க அரசுப் போட்டியில் நமக்கு என்ன இருக்கிறது?

கோழிப்பண்ணைக் கொட்டகை போடுகிற விவசாயி யாரும் திசை பார்க்காமல் போடுவதில்லை. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும், அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் பக்கவாட்டில் நுழைந்து கோழிகளைத் தாக்காது என்று நாங்களும் சொல்கிறோம், நீங்களும் அப்படியே செய்கிறீர்கள். ஆனால் அதே விவசாயி சொந்த வீடு கட்டும்போது, தெரு எந்தப் பக்கம், கடன் எவ்வளவு, தளம் எப்போது ஒட்டுவது என்று பார்ப்பாரே தவிர, சித்திரை வெயில் எந்தச் சுவரில் விழும் என்று பார்ப்பதில்லை. கட்டி முடித்த பிறகு, இரவு பத்து மணிக்கும் தளம் அனலாகக் கொதிக்க, வயதானவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறார்கள்.

வெயிலைக் கணக்கிட்டு வீடு கட்டுவது ஒரு தனிக் கலை. இயந்திரம் எதுவும் இல்லாமல், சுவர், கூரை, சன்னல், நிழல் இவற்றை மட்டும் வைத்து வீட்டுக்குள் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது இது. கூரை மேல் சோலார் தகடு வைத்து மின்சாரம் எடுப்பது வேறு, இது வேறு. 2011-12ல் தமிழ்நாட்டில் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு சூரிய மின்விளக்கு கொடுத்தார்கள். விளக்கு எரிந்தது, நல்லது. ஆனால் தகடு மின்சாரம் தரும். அறையை அது குளிரவைக்காது.

இதை அரசே போட்டியாக நடத்தி மக்களிடம் கொண்டுபோன நாடு அமெரிக்கா. 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்து எரிபொருள் விலை ஏறியபோது, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைப்பதே அங்கே பெரும் செலவாகிவிட்டது. 1978ல் அந்நாட்டு வீட்டுவசதித் துறை, எரிசக்தித் துறையுடன் சேர்ந்து, சூரிய வெப்பத்தை நேரடியாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு வடிவமைப்புப் போட்டி நடத்தியது. பரிசு பெற்ற வடிவமைப்புகளை அடுத்த ஆண்டே நூலாக வெளியிட்டு, சாதாரணக் கட்டுநர்களும் பார்த்துக் கட்டும்படி செய்தது.

பிறகு 2002ல் எரிசக்தித் துறை 'சோலார் டெகாத்லான்' என்ற கல்லூரி மாணவர் போட்டியைத் தொடங்கியது. அப்போது மாணவர்கள் படம் வரைந்து கொடுத்தால் போதாது, வீட்டையே கட்டிக் காட்ட வேண்டியிருந்தது. பத்துப் பிரிவுகளில் மதிப்பெண். வீட்டுக்குள் வெப்பநிலை சுமார் 22 முதல் 24 டிகிரி செல்சியசுக்குள் நிற்கிறதா என்று கருவி வைத்து அளந்தார்கள். சமைத்துக் காட்ட வேண்டியிருந்தது, துணி துவைக்க வேண்டியிருந்தது, வெந்நீர் வர வேண்டியிருந்தது. மின்சாரம் எவ்வளவு எடுத்தது, எவ்வளவு கொடுத்தது என்று மீட்டர் சொன்னது.

ஆனால் தொடக்க ஆண்டுகளில் பணத்தைக் கொட்டி வீடு கட்டிய அணியைத் தடுக்க விதியில் எதுவும் இல்லை. 2011ல்தான் 'கட்டுப்படியாகும் விலை' என்பதையும் ஒரு பிரிவாகச் சேர்த்தார்கள். வீட்டின் மதிப்பீடு 2,50,000 டாலருக்குள் இருந்தால் முழு 100 மதிப்பெண். 6,00,000 டாலரைத் தொட்டால் பூஜ்யம். அந்தப் பிரிவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட இரண்டு அணிகளில் ஒன்று, பார்சன்ஸ் வடிவமைப்புப் பள்ளியும் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்த அணி. அவர்கள் வீட்டின் பெயர் 'எம்பவர் ஹவுஸ்'. நிறையத் தகடுகளை அடுக்காமல், சுவருக்கும் கூரைக்கும் கனமான வெப்பக்காப்பு கொடுத்து, தேவையையே குறைத்தார்கள். தேவை குறைந்ததால் சிறிய தகடே போதுமானதாக இருந்தது. போட்டி முடிந்ததும் அந்த வீடு காட்சிப் பொருளாக நிற்கவில்லை. வாஷிங்டன் நகரின் டீன்வுட் பகுதிக்குக் கொண்டுபோய், ஒரு தொண்டு அமைப்பின் மூலம் குறைந்த வருமானக் குடும்பம் குடியிருக்கும் வீடாக்கினார்கள்.

இரண்டரை லட்சம் டாலர் நமக்குக் கட்டுப்படியாகிற விலையா என்று கேட்பீர்கள். இல்லைதான். அந்த வீட்டை அப்படியே கொண்டுவந்து பெரம்பலூரில் நிறுத்தினாலும் பயன்படாது. காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டுவது குளிர் நாட்டு வழக்கம். ஏ.சி. இல்லாமல் நம் ஊரில் அப்படி அடைத்தால் அடுப்புக்குள் இருப்பது போலத்தான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வீட்டின் வரைபடத்தை அல்ல, அவர்கள் வேலையைச் செய்த வரிசையை: முதலில் வெப்பத்தின் கணக்கு, அப்புறம் சுவர், கூரை, சன்னல், கடைசியில்தான் மின்சாதனம்.

நம் ஊர் வெயில் எங்கே நிற்கிறது?

அமெரிக்காவின் நடுப்பகுதியில் மார்கழி மாத உச்சிவெயில் தெற்கே மிகத் தாழ்வாக, தரையிலிருந்து 27 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் தெற்குப் பக்கம் பெரிய கண்ணாடி வைத்தால் வெயில் வீட்டுக்குள் ஆழமாக வந்து தரையைச் சூடாக்கும். கோடையில் சூரியன் உயரே போய்விடுவதால் சின்ன சன்ஷேடே அதை மறைத்துவிடும். அவர்கள் வித்தை முழுக்க இதில்தான்.

திருச்சியை எடுத்துக்கொள்வோம். டிசம்பரிலேயே உச்சிவெயில் தெற்கில் 56 டிகிரி உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது. ஜூனில் சற்று வடக்கே சாய்ந்து 77 டிகிரியில் நிற்கிறது. ஆகவே கோடையில் நம் ஒற்றை மாடி வீட்டில் அதிக வெயிலை வாங்குவது கூரைதான். அடுத்து மேற்குச் சுவர், பிறகு கிழக்குச் சுவர். வடக்கும் தெற்கும் அவ்வளவாகப் பாதிக்காது.

இதை சன்ஷேடை வைத்தே சரிபார்க்கலாம். ஒன்றரை அடி சன்ஷேட், ஜூன் நண்பகலில் வடக்குச் சுவரில் ஆறடிக்கும் மேல் நிழல் தரும். அதே சன்ஷேட் மேற்குச் சுவரில், சித்திரை மாதம் மாலை நான்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு அடிதான் மறைக்கும். மேற்கே சன்ஷேட் மட்டும் போட்டுவிட்டு நிழல் வந்துவிட்டது என்று இருப்பது வீண். அங்கே வேண்டியது தாழ்வாரம், பந்தல் அல்லது மரம். சாலையோரம் என்பதால் மேற்குப் பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடி பதிக்கும் பழக்கம் இப்போது கிராமங்களிலும் பரவுகிறது. நகரத்துக் கட்டடத்தில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஏ.சி. ஓடுகிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

மனை கோலும் முன்பே

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடி தீப்பிடிக்காத வேறு கூரை. இந்த அளவுக்குள்ளேயே திசையைச் சரியாக அமைத்துக்கொள்ள ஒரு ரூபாய் கூடுதலாகாது. நீளச் சுவர்கள் வடக்கு தெற்குப் பார்க்கட்டும், குட்டைச் சுவர்கள் கிழக்கு மேற்குப் பார்க்கட்டும். மனை ஒடுக்கமாக இருந்து அது முடியாது என்றால் குளியலறை, கழிவறை, தானியம் வைக்கும் அறை, மாடிப்படி ஆகியவற்றை மேற்கே தள்ளுங்கள். வெயிலை அவை வாங்கிக்கொள்ளும், படுக்கும் அறை தப்பும்.

வாஸ்து பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்னி மூலையான தென்கிழக்கில் சமையலறை வைப்பதில் வெப்பக் கணக்குக்கு முரண் எதுவும் இல்லை. கன்னி மூலையான தென்மேற்கில் படுக்கையறை வைப்பதில்தான் சிக்கல். மாலை வெயில் முழுதும் அந்த அறைக்குத்தான். அங்கேதான் வேண்டும் என்றால் மேற்குச் சுவருக்குப் பந்தல் போட்டே ஆக வேண்டும். சுவரை விட்டு நான்கடி தள்ளிக் கால் நட்டு பீர்க்கன், கோவை, அவரை ஏற்றினால் நிழலும் கிடைக்கும், காயும் கிடைக்கும். நிலையான நிழலுக்கு புங்கன் அல்லது வேம்பு, அஸ்திவாரத்தை விட்டு 15 அடியாவது தள்ளி. அது வளரும்வரை அகத்தி வைக்கலாம். முருங்கையை வீட்டை ஒட்டி வைக்காதீர்கள், ஆடிக் காற்றில் ஒடிந்து கூரையில் விழும்.

காற்றுக்கும் ஒரு அளவு இருக்கிறது. மத்திய அரசு 2018ல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற வீட்டு எரிசக்தி விதித்தொகுப்பு, கடலோரம் போன்ற புழுக்கமான பகுதிகளில் வீட்டுப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடிய வழியாக இருக்க வேண்டும் என்கிறது. பெரிய மனைகளுக்கான விதி அது. உங்கள் வீட்டுக்குக் கட்டாயமில்லை. ஆனால் அளவு நல்ல அளவு. 360 சதுர அடிக்கு 60 சதுர அடி. மூன்றுக்கு ஏழு அடி வாசல் இரண்டு சேர்ந்து 42, மூன்றுக்கு நான்கு அடி சன்னல் இரண்டு சேர்ந்து 24, மொத்தம் 66. போதும். ஆனால் தள்ளுகதவு சன்னல் போட்டால் பாதிதான் திறக்கும், கணக்கும் பாதியாகிவிடும். வாசலும் சன்னலும் எதிரெதிர்ச் சுவர்களில் இருக்கட்டும். ஒரே பக்கம் எத்தனை சன்னல் வைத்தாலும் காற்று ஊடே ஓடாது. பொள்ளாச்சி, தென்காசி பக்கம் உள்ளவர்களுக்கு கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருவதால் மேற்குச் சன்னலை அடைக்கவும் மனம் வராது. தாழ்வாரத்துக்குள் அந்தச் சன்னலை வைத்துக்கொள்ளுங்கள்.

கூரைதான் பெரிய பிரச்சினை

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெப்பத்தைக் குடித்து, மாலைக்கு மேல் கீழே விடும். பழைய வீடுகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் சுருக்கி போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். நீர்க்கசிவுக்கு என்று சொன்னாலும், வெப்பத்துக்கும் அதுதான் காப்பு. இப்போது செலவு மிச்சம் என்று முதலில் வெட்டுவது இதைத்தான். டைல்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுத்து இதற்குப் போடுங்கள் என்பது என் ஆலோசனை. தரையில் சிமென்ட் பால் போட்டுக்கொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை ஒன்று உண்டு. தளத்தின் அடிப்பாகக் கான்கிரீட் பாரம் தாங்க அதிகம் உதவுவதில்லை என்பதால், கம்பிகளுக்கு இடையே அந்த இடத்தில் மங்களூர் ஓட்டை வைத்துத் தளம் ஒட்டுவார்கள். கான்கிரீட் மிச்சமாகும், ஓட்டுக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஆனால் இந்த முறை பழகிய கொத்தனார் இருந்தால் மட்டுமே செய்யுங்கள். அரசுத் திட்ட வீடு என்றால் பொறியாளர் ஒப்புதல் இல்லாமல் தொடவே வேண்டாம்.

கட்டி முடித்துவிட்டவர்களுக்கு எளிய வழி வெள்ளை. நன்றாக நீர்த்துப்போன சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, பிடிப்புக்குப் பசை சேர்த்து, தளத்தை நன்றாகக் கழுவி ஈரமாக்கி, இரண்டு மூன்று பூச்சு அடியுங்கள். விழும் வெயிலில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தால் பலன் குறையும், மழையில் கரையும். ஆகவே ஆண்டுதோறும் மாசி கடைசியில் அடிக்க வேண்டும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு கண்ணைப் பாதிக்கும். மழைநீர் சேகரிப்பவர்கள் பூச்சுக்குப் பிந்தைய முதல் மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டுவிடுங்கள். தளத்தில் தினமும் தண்ணீர் தெளிப்பதும் குளிர்ச்சி தரும்தான், ஆனால் கோடையில் அந்தத் தண்ணீருக்கு மாடு காத்திருக்கும்.

அந்த 60 சதுர அடிப் பகுதிக்கு தகர ஷீட்டை விட ஓடு நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம்; வெட்டும்போது பறக்கும் நார் நுரையீரலைக் கெடுக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து விவசாயிகளுக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. உங்களுக்கு அமெரிக்கக் கணக்கே சரி: தெற்கே பெரிய கண்ணாடிச் சன்னல், அதன் கீழே வெயிலை வாங்கிவைக்க கனமான தரை, இரவில் மூட ஒரு கனத்த திரை. கூரைக்கு வெள்ளை அடிக்க வேண்டாம்.

சமவெளியில் இந்த ஆண்டு கட்டப்போகிறவர்கள், கயிறு கட்டி மனை கோலும் நாளுக்கு முன்பு ஒரு மாலை நான்கு மணிக்கு மனையில் போய் நில்லுங்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து முகத்தில் அடிக்கிறதோ அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, கொத்தனாரிடமும் ஒன்றிய ஓவர்சியரிடமும் காட்டுங்கள். அஸ்திவாரம் தோண்டிய பிறகு அறையை இடம் மாற்றச் சொன்னால் அவர்களும் கேட்க மாட்டார்கள்.