திருகோணமலைக் கோட்டை

கோட்டை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது செஞ்சி. ஆண்ட அரசரும் இல்லை; காத்த படையும் இல்லை. மதில்கள் மட்டும் காட்சிப் பொருளாய் எஞ்சி நிற்கின்றன. ஈழத்தின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலைக் கோட்டையின் நிலை வேறு. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் படைவீரர்களுக்காகக் கட்டப்பட்ட அக்கோட்டையில் இன்றும் படைவீரர்களே வாழ்கின்றனர். அது இலங்கைத் தரைப்படையின் முகாம். ஆயினும் பூசைத் தட்டு ஏந்திய பெண்களும் குழந்தைகளும் அதன் வாயில் வழியே நாள்தோறும் உள்ளே செல்கின்றனர். கோட்டைக்கு அப்பால், மலை முனையில், கோணேசர் கோயில் கொண்டிருப்பதே காரணம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது.

கோயிலும் கோட்டையும் படையும் ஒரே குன்றில் அமைந்தது எவ்வாறு?

இடத்தின் இயல்பு

கோணமலை கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறை முனை. மூன்று பக்கமும் கடல். நிலப்பக்கம் மட்டும் குறுகிய கழுத்துப் போன்றது. அக்கழுத்தின் குறுக்கே மதில் எழுப்பிவிட்டால் குன்று முழுவதும் காவலுக்குள் வந்துவிடும். கோயிலுக்கு ஏற்ற தனிமையை அளித்த அதே அமைப்பு, கோட்டைக்கு ஏற்ற பாதுகாப்பையும் அளித்தது.

அருகிலுள்ள இயற்கைத் துறைமுகமோ உலகின் ஆழமான துறைமுகங்களுள் ஒன்று. சோழமண்டலக் கரையில், சென்னை உட்பட, பாய்க்கப்பல்கள் புயலுக்கு ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வங்கக் கடலில் நிற்கும் கப்பற்படைக்குத் திருகோணமலையே புகலிடம். ஆகவே ஐரோப்பியர் ஒவ்வொருவரும் அதன்மேல் கண் வைத்தனர்.

கைமாறிய வரலாறு

போர்த்துகீசியத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா காலத்தில், 1620களில், பழைய கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்களைக் கொண்டே 1624ஆம் ஆண்டளவில் கோட்டை எழும்பியது. 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரான் அவர்களிடமிருந்து பறித்தார். பின்னர் உடன்படிக்கையால் மீண்டும் ஒல்லாந்தர் வசமாகி, 1795இல் ஆங்கிலேயர் கைக்கே வந்தது. 1803இல் யார்க் கோமகனின் பெயரால் அதற்குப் 'பிரெடரிக் கோட்டை' என்று பெயரிட்டனர். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர் ஆர்தர் வெல்லெசுலி என்னும் படை அதிகாரியாக இங்குத் தங்கியிருந்தார். அவர் தங்கிய இல்லம் இன்னும் அவர் பெயரால் வழங்குகிறது.

வாயிற்கல்

கோட்டை வாயிலில் பதிக்கப்பட்டுள்ள கல்லொன்றில் தமிழ் எழுத்துகளும் பாண்டியரின் இணைக்கயல் சின்னமும் காணப்படுகின்றன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பிற்காலத்தில் பறங்கியர் அழிப்பர் என்னும் பாடலே அதில் உள்ளது என்பர். கோயிலை இடித்தவர் மதிலிலேயே கோயிலின் சாட்சி நிற்பது நம்மைச் சிந்திக்க வைக்கும் செய்தி.

அழிந்ததென்று எண்ணியவை பின்னர் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 1950இல் கிணறு தோண்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயிற் சிதைவுகளைக் கண்டனர். புதிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

காண்போர் கடமை

அங்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் மாணவர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் நலம். கோயிலுக்குரிய பாதையை விட்டு விலகலாகாது. காவலர் கேட்டால் பையைத் திறந்து காட்ட வேண்டும். படையினர் இருப்பிடங்களைப் படம் எடுக்கலாகாது. மர நிழலில் புள்ளிமான்கள் அச்சமின்றித் திரியும். அவற்றுக்கு நெகிழித் தாளோடு தின்பண்டம் எறிதல் தீங்கு. கோயிலையடுத்த செங்குத்துப் பாறைப் பிளவாகிய இராவணன் வெட்டையும், வாயிற்கல்லையும் காணாமல் திரும்பலாகாது.

படை இருப்பதனால் விளையும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. காவல் உள்ள இடத்தில் மதிற்கல்லைப் பெயர்த்து வீடு கட்டுவார் இல்லை. ஆனால் காவல் உள்ள இடத்தில் ஆய்வாளன் விரும்பியவாறு நடந்து, அளந்து, படியெடுக்கவும் இயலாது. 2009இல் முடிந்த உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் வழிபடச் செல்வோரும் சோதனைகளைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. கோட்டைக்குள் எந்த நாளில் எவர் நுழையலாம் என்பது காவலர் கையில் இருக்கும்வரை, அக்கற்கள் கூறும் வரலாறும் ஓரளவு அவர்கள் கையிலேயே இருக்கும். நாட்டின் காவலுக்கு ஊறு நேராமல், கல்வெட்டுகளையும் மதில்களையும் அறிஞர் முறையாக ஆராய வழி செய்தல் அரசின் கடன். கோயிலை நாடிச் செல்லும் நாம், வாயிலிலேயே ஒரு கணம் நின்று அக்கல்லைப் படிக்க முயல்வது நம் கடன்.