மடிக்கணினியும் அதன் மின்கலமும்: பேணும் முறை

ஒரு பொருளை வாங்குவது ஒரு நாள் வேலை. அதைப் பேணுவது பல்லாண்டு வேலை. மடிக்கணினிக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கோவிட் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் வகுப்பறையே கணினித் திரைக்குள் வந்து சேர்ந்தது. மலேசியாவில் வசதி குறைந்த மாணவர் 150,000 பேருக்கு மடிக்கணினி வழங்கும் ‘செர்டிக்’ திட்டம் தோன்றியதும் அக்காலத்திலேதான். அது முதல் எத்தனையோ இல்லங்களில் மடிக்கணினி குடும்பத்தின் பொதுச் சொத்தாகிவிட்டது. மூத்தவள் கட்டுரை எழுதுவதும், இளையவன் பாடம் படிப்பதும், தந்தை விண்ணப்பம் நிரப்புவதும் அந்த ஒரே கருவியில்தான்.

பெற்றோரின் பல மாதச் சேமிப்பில் வந்த இக்கருவி, இரண்டு மூன்று ஆண்டுகளில், “கம்பியை எடுத்தால் உடனே அணைந்துவிடுகிறது” என்னும் நிலைக்கு வந்துவிடுவதுண்டு. இணையவழித் தேர்வின் நடுவே மின்சாரம் தடைப்பட்டால் அப்பிள்ளையின் கதி என்ன? இக்குறையைப் பெரும்பாலும் தள்ளிப்போட முடியும். அதற்குச் செலவு வேண்டியதில்லை. சிறிது அறிவும் நல்ல பழக்கமும் போதும்.

மின்கலம் பிறந்த வரலாறு

மின்சாரத்தை இடைவிடாமல் தரும் முதல் மின்கல அடுக்கை இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் இதற்கு அடிகோலினார். 1980ஆம் ஆண்டில் ஜான் குடெனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு இதன் ஆற்றலைப் பெருக்கினார். 1985ஆம் ஆண்டில் ஜப்பானியரான அகிரா யோஷினோ இதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தத்தக்க வடிவில் அமைத்தார். 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அறிஞர் மூவரும் 2019ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

உள்ளே நிகழ்வது யாது?

மின்கலத்தினுள் இரண்டு முனைகள் உண்டு. எதிர்முனை கிராஃபைட்டால் ஆனது. நேர்முனை உலோக ஆக்சைடால் ஆனது. இரண்டுக்கும் இடையே மின்பகுளி என்னும் திரவமும், முனைகள் ஒன்றையொன்று தொடாமல் காக்கும் மெல்லிய இடைத்திரையும் உள்ளன. மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து புறப்பட்டுக் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் குடிபுகுகின்றன. கணினி இயங்கும்போது அவை திரும்பிச் செல்கின்றன. இந்தப் போக்குவரத்துக்கு ஈடாக எலெக்ட்ரான்கள் வெளிச்சுற்றில் ஓடுவதையே நாம் மின்சாரம் என்கிறோம்.

இப்போக்குவரத்தில் ஒவ்வொரு முறையும் சிறு இழப்பு ஏற்படுகிறது. கிராஃபைட்டின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் படிகிறது. தொடக்கத்தில் அது காவலாக அமைகிறது. ஆனால் நாளடைவில் தடித்து, லித்தியத்தில் ஒரு பகுதியைத் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கிறது. சிறைப்பட்ட லித்தியம் மீண்டும் வேலைக்கு வருவதில்லை. மின்கலம் மூப்படைவது பெரும்பாலும் இவ்வாறே. மூப்பைத் தடுக்க இயலாது; அதன் வேகத்தைக் குறைக்க இயலும். அவ்வேகத்தைக் கூட்டும் பகைகள் இரண்டு: ஒன்று வெப்பம், மற்றொன்று எந்நேரமும் முழுமையாக நிரம்பியிருத்தல்.

முதற்பகை: வெப்பம்

ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளைப் பயன்படுத்தத் தக்க சூழலாக 10 முதல் 35 பாகை செல்சியஸ் வரை குறித்துள்ளது. மலேசியாவில் நண்பகல் வெப்பம் சாதாரண நாளிலேயே 32, 33 பாகையை எட்டிவிடுகிறது. ஆகவே, குளிர்நாட்டாரைக் காட்டிலும் இங்குள்ளோருக்கு எச்சரிக்கை மிகுதியாக வேண்டும்.

வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் மடிக்கணினியை விட்டுச் செல்லலாகாது. மெத்தை, தலையணை, போர்வை ஆகியவற்றின் மீது வைத்து இயக்கவும் கூடாது. கருவியின் அடியிலும் ஓரத்திலும் உள்ள துவாரங்கள் மூச்சுத் துவாரங்கள் போன்றவை. துணி அவற்றை அடைத்துவிட்டால் உள்ளிருக்கும் சூடு வெளியேறாது. மேசையே தகுந்த இடம். மேசை இல்லாத வீட்டில் ஒரு மரப்பலகை போதும்.

தூசியும் அந்தத் துவாரங்களை அடைக்கும். கருவியை அணைத்து, மின்னிணைப்பை அகற்றிய பின், மென்மையான தூரிகையால் துவாரங்களைத் துடைத்துவரலாம். சிறு விசிறி பேரிரைச்சலுடன் ஓயாமல் சுழன்றால், உள்ளே தூசி திரண்டிருக்கலாம். அப்போது பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்வது நலம்.

இரண்டாம் பகை: எந்நேரமும் நிறைந்திருத்தல்

இரப்பர் வளையம் ஒன்றை முழுதும் இழுத்து, மாதக்கணக்கில் ஆணியில் மாட்டி வைத்தால் அது தளர்ந்துபோகும். 100 விழுக்காடு நிரம்பிய மின்கலமும் அத்தகைய இழுவிசையில் இருப்பதாகக் கருதலாம். முழுமையாக நிரம்பியதும் மின்னேற்றத்தை நிறுத்தும் காவற்சுற்று கருவியிலேயே உண்டு. ஆதலால், “இரவெல்லாம் செருகி வைத்தால் மின்சாரம் அளவுக்கு மிஞ்சிப் பாயும்” என்னும் அச்சம் தேவையில்லை. நிரம்பிய நிலையில், அதுவும் சூட்டுடன், நெடுநேரம் இருப்பதே கேடு.

எனவே, அன்றாடப் பயன்பாட்டில் 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையே வைத்துக்கொள்வது சிறந்த பழக்கம். எப்போதும் மின்னிணைப்பிலேயே கணினியை இயக்குவோர், அதன் அமைப்புகளில் மின்னேற்ற எல்லை இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். லெனோவோ, ஆசுஸ், டெல் முதலிய நிறுவனங்களின் பல கருவிகளில் 80 விழுக்காட்டுடன் மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி உண்டு. தேர்வு நாளிலோ பயண நாளிலோ முழுமையாக ஏற்றிக்கொள்வதில் தவறில்லை.

ஒரு பழைய நம்பிக்கை

“மின்சாரம் அடியோடு தீர்ந்த பிறகே மின்னேற்றம் செய்ய வேண்டும்” என்று இன்றும் பலர் கூறுகின்றனர். இது முற்காலத்து நிக்கல் காட்மியம் மின்கலத்துக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. லித்தியம் அயனி மின்கலத்துக்கு இது பொருந்தாது, தீங்கும் தரும். அடிக்கடி சிறிது சிறிதாக ஏற்றுவதால் ஆயுள் குறைந்துவிடாது. இன்று 50 விழுக்காடும் நாளை 50 விழுக்காடும் செலவிட்டால் அது ஒரே ஒரு முழுச் சுற்றாகவே கணக்கிடப்படும்.

பள்ளி விடுமுறையில் கவனம் வேண்டும். மின்சாரம் தீர்ந்த கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால், எஞ்சிய துளியும் தானே வடிந்து, மின்கலம் மீளாத நிலைக்குச் செல்லக்கூடும். ஏறக்குறைய பாதியளவு ஏற்றி, அணைத்து, ஈரமற்ற குளிர்ந்த இடத்தில் வைப்பதே முறை. இடையிடையே எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மீண்டும் பாதியளவுக்கு ஏற்ற வேண்டும்.

மழை, இடி, எறும்பு

மலேசியா இடிமின்னல் மிகுந்த நாடு. வானம் இருண்டு இடி முழங்கத் தொடங்கியதும், சுவரிலிருந்து மின்னேற்றியைக் கழற்றிவிட வேண்டும். ஆளியை மட்டும் அணைப்பது போதாது. அந்த நேரத்தில் கருவியை மின்கலமே தாங்கும்; அதற்காகவே அது இருக்கிறது.

விசைப்பலகை அருகே உணவு உண்பது எறும்புக்கு விடுக்கும் அழைப்பாகும். தேநீர் கொட்டிவிட்டால் உடனே மின்னிணைப்பை நீக்கி, கருவியை அணைத்து, திரையை விரித்தபடி கவிழ்த்து வைக்க வேண்டும். “இயங்குகிறதா பார்ப்போம்” என்று மீண்டும் இயக்குவதே பெருந்தவறு. திரையைத் துடைக்கச் சற்றே நனைத்த மென்துணி போதும். நீரைத் திரையின் மீது நேராகத் தெளிக்கக் கூடாது. விசைப்பலகையின் மேல் பேனாவை மறந்து வைத்து மூடியதால் உடைந்த திரைகள் பல.

மூப்பை அறிவது எப்படி?

மின்கலத்தின் கொள்ளளவை வாட்மணி என்னும் அலகால் குறிப்பர். 50 வாட்மணி கொண்ட மின்கலம், 10 வாட் செலவிடும் கணினியை 5 மணி நேரம் இயக்கும். அதே மின்கலம் மூப்படைந்து 30 வாட்மணியாகக் குறைந்தால் 3 மணி நேரமே இயக்கும். விண்டோஸ் கணினி தரும் மின்கல அறிக்கையில், புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவும் இன்றைய முழுக் கொள்ளளவும் காணப்படும். இரண்டையும் ஒப்பிட்டால், மின்கலத்தை எப்போது மாற்றலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். மின்கலம் ஒன்று தளர்ந்ததற்காகக் கணினியையே எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது வீண்செலவு.

அபாய அறிகுறிகள்

கருவியின் அடிப்பாகம் புடைத்தல், தொடுபலகை மேலெழும்புதல், மூடி சரியாக மூடாமை ஆகியவை மின்கலம் வீங்கியதன் அடையாளங்கள். உள்ளே மின்பகுளி சிதைந்து வாயு உண்டாவதால் இவ்வீக்கம் ஏற்படுகிறது. அதை அழுத்துவதோ குத்துவதோ கூடாது, தீப்பற்றும். உடனே அணைத்து, மின்னேற்றத்தை நிறுத்தி, தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். உற்பத்திக் குறையும் ஆபத்தாக முடிவதுண்டு. 2006ஆம் ஆண்டில், தீப்பிடிக்கும் அபாயம் கருதி, சோனி செய்தளித்த 41 இலட்சம் மின்கலங்களை டெல் நிறுவனம் திரும்பப் பெற்றது வரலாறு. விலை மலிவு என்று பெயர் தெரியாத மின்கலத்தையும் மின்னேற்றியையும் வாங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். பழைய மின்கலத்தைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்ப்பது குப்பை அள்ளும் தொழிலாளரின் உயிரைக் காப்பதாகும்.

பேணும் பழக்கத்தைப் பெரியவர்களோடு நிறுத்தாமல் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும். மேசையில் வைத்தல், இடிக்குமுன் கழற்றுதல், 80 விழுக்காட்டில் நிறுத்துதல் ஆகிய இம்மூன்றையும் பத்து வயதுப் பிள்ளை எளிதில் கற்றுக்கொள்ளும். அவ்வாறு பேணப்படும் கருவி அக்காள் படித்து முடித்த பின் தம்பிக்கும் பயன்படும்.