டூல் பாக்ஸில் கிடைத்த புதையல்

அப்பாவோட பழைய புல்லட்டைப் பிரிக்கும்போது ஒரு நட் மட்டும் அடம்பிடித்தது. 13 ஸ்பேனர் நுழையல. 14 போட்டா வழுக்கி, நட்டின் முனை மழுங்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னொரு தடவை வழுக்கினா வெட்டித்தான் எடுக்கணும்.

வண்டியோட துருப்பிடித்த டூல் பாக்ஸை நெம்பித் திறந்தேன். கிரீஸ் துணிக்குள்ளே ஒரு ஸ்பேனர், அதில் '1/4 டபிள்யூ' என்ற முத்திரை. கச்சிதமா உட்கார்ந்தது!

டபிள்யூ என்றால் விட்வொர்த். 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த பிரிட்டிஷ் திருகு அளவுமுறை இது. இதில் ஸ்பேனர் மேலுள்ள எண் வாயின் அகலம் அல்ல, போல்ட்டின் விட்டம். 1/4 அங்குல போல்ட்டுக்கான ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது சுமார் 13.3 மி.மீ. 13-க்கும் 14-க்கும் நடுவே நான் மாட்டிக்கிட்டது இதனால்தான்.

பழைய பிரிட்டிஷ் வம்சத்து வண்டி வைத்திருக்கிறீர்களா? சுத்தியலை எடுக்கும் முன் டூல் பாக்ஸைத் திறந்து பாருங்க.