ஆதாரம் கேட்ட தோமாவும் ஒரு நாணயமும்: பைபிள் நம்பிக்கைக்குத் தொல்லியல் என்ன தரும்?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அத்தை ஒரு வீடியோ அனுப்பியிருக்காங்க: "நோவாவின் பேழை கிடைத்துவிட்டது!" கீழே வரிசையாக 'ஆமென்'. ஞாயிறு பூசை முடிந்து பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மாமாக் கடையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் நண்பர் கேட்கிறார்: "இது உண்மையா? இது பொய்யின்னா மத்ததை எப்படி நம்புறது?"

நியாயமான கேள்விதான். பதிலைத் தேட, தமிழர்களுக்கு நெருக்கமான ஒருவரிடமிருந்து தொடங்கலாம்.

யார் இந்தத் தோமா?

இயேசுவின் 12 சீடர்களில் ஒருவர். இயேசு உயிர்த்தெழுந்துவிட்டார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, காயத்தைப் பார்த்துத் தொடாமல் நம்பமாட்டேன் என்றவர் இவர் என்கிறது யோவான் நற்செய்தி. அதாவது, முதலில் ஆதாரம் கேட்டவரே இவர்தான்.

தோமா தென்னிந்தியாவுக்கு வந்தார், இன்றைய சென்னையில் கொல்லப்பட்டார் என்பது தமிழ், மலையாளக் கிறிஸ்தவர்களின் நீண்டகால மரபு. மயிலாப்பூர் சாந்தோம் பேராலயமும் பரங்கிமலையும் அதோடு சேர்ந்தவை. உங்கள் பாட்டி அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருக்கலாம்.

ஆனால் இந்தப் பயணம் பைபிளில் இல்லை. 3ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' என்ற சிரியாக் நூல், அவர் இந்தியாவில் கோண்டோபரஸ் என்ற அரசனிடம் வேலை செய்ததாகச் சொல்கிறது. அப்படி ஓர் அரசன் இருந்ததற்கு வேறு சான்று பல நூற்றாண்டுகளாகக் கிடைக்கவில்லை. முழுக்கக் கற்பனை என்று நினைக்கவும் இடம் இருந்தது.

நாணயம் என்ன சொன்னது?

1830களில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் பழைய நாணயங்கள் கிடைத்தன. அவற்றில் கிரேக்கத்திலும் கரோஷ்டி எழுத்திலும் அதே அரசன் பெயர்! பின்னர் இன்றைய பாகிஸ்தானின் தக்த்-இ-பாஹி என்ற இடத்தில் கிடைத்த கல்வெட்டும் அவனைக் குறிப்பிட்டது. அதன் ஆண்டுக் கணக்கை வைத்து, அவன் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்டதாகப் பொதுவாகக் கணிக்கிறார்கள். தோமா வாழ்ந்த காலமும் அதுதான்.

சரி, அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடிந்திருக்குமா? முடிந்திருக்கும். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இத்தாலியில் செய்யப்பட்ட முதல் நூற்றாண்டு மட்பாண்டங்கள் கிடைத்தன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேவில், இந்தியப் பானை ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகும், தமிழ்-பிராமி எழுத்து பொறித்த பானை ஓடும் கிடைத்தன. அந்தக் கடல்வழியில் அப்போதே நம் ஆட்கள் போய்வந்தார்கள்.

எது நிரூபணமாகவில்லை?

இங்கேதான் கவனம் தேவை. நாணயம் காட்டுவது, அப்படி ஓர் அரசன் இருந்தான் என்பதை. தோமா அவனைச் சந்தித்தார் என்பதை அல்ல. அவன் ஆண்டதும் வடமேற்கில். சென்னை அங்கிருந்து வெகுதூரம்.

பரங்கிமலையில் 1547இல் போர்ச்சுகீசியர்கள் கண்டெடுத்த கற்சிலுவையும் அப்படித்தான். அதைச் சுற்றிப் பழைய பாரசீக மொழியான பஹ்லவியில் எழுத்துகள் உள்ளன. அது 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. போர்ச்சுகீசியர் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்று அது காட்டுகிறது. ஆனால் தோமாவின் காலத்துக்கு அது போய்ச் சேரவில்லை.

பைபிளிலேயே வரும் ஒருவருக்கும் இதே அளவுகோல்தான். இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த பிலாத்துவின் பெயரும் பதவியும் பொறித்த கல், 1961இல் இஸ்ரேலின் செசரியாவில் கிடைத்தது. நற்செய்தியில் வரும் ஆளுநர் உண்மையில் இருந்தவர் என்பதற்கு அது உறுதியான சான்று. உயிர்த்தெழுதலைப் பற்றி அந்தக் கல் எதுவும் சொல்லாது. எந்தக் கல்லாலும் சொல்லவும் முடியாது.

போலிகள் ஏன் ஆபத்து?

வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகம், தன்னிடம் இருந்த 16 'சாக்கடல் சுருள்' துண்டுகளும் போலி என்று 2020இல் அறிவித்தது. ஆய்வுக்கு அனுப்பியதும் முடிவை வெளியிட்டதும் அந்த அருங்காட்சியகமேதான். குகைகளில் கிடைத்த உண்மையான சுருள்கள் அதனால் பொய்யாகிவிடவில்லை. ஆனால் உங்கள் நம்பிக்கை முழுவதும் ஒரு போலித் துண்டின் மேல் நின்றால், அது உடையும் நாளில் எல்லாமே ஆட்டம் காணும்.

அடுத்த வீடியோ வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்க:

1. யார் தோண்டினார்கள், எந்த ஆண்டு, எந்த இடத்தில்?
2. பொருள் இப்போது எங்கே இருக்கிறது? மற்ற ஆய்வாளர்கள் பார்த்தார்களா?
3. அது எதைக் காட்டுகிறது? வீடியோ எதைக் காட்டுவதாகச் சொல்கிறது? இரண்டும் ஒன்றா?

நோவா பேழை வீடியோக்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். பேழை கண்டெடுக்கப்பட்டதாகத் தொல்லியலாளர்கள் இதுவரை ஏற்கவில்லை.

அப்போ நண்பருக்கு என்ன பதில்? "இந்த வீடியோவை நான் நம்பலை. ஆனா பிலாத்து பெயர் இருக்கிற கல் இருக்கு, கோண்டோபரஸ் நாணயம் இருக்கு. அந்த ஆட்களும் அந்தக் காலமும் கட்டுக்கதை இல்லைன்னு அது சொல்லுது. மிச்சம் என் விசுவாசம்" என்று சொல்லலாம். விசுவாசம் இல்லாதவரும் முதல் பாதியை மறுக்க வேண்டியதில்லை.

அத்தையிடம் குரூப்பில் சண்டை வேண்டாம். தனியாக ஒரு மெசேஜ் போடுங்க: "அத்தை, இது உறுதியான செய்தி இல்லை. ஆனா பரங்கிமலைச் சிலுவை பற்றித் தெரியுமா?"