3.5இல் தெரிந்த கோடு: கரும்பொருளா, பொற்றாசியமா?

தை மாதத்தில் ராகலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் இரவுகளைத் தோட்டத்து ஆட்கள் விரும்புவதில்லை; விடிந்தால் உறைபனியில் கொழுந்து கருகிக் கிடக்கும். அதே இரவுகளில் ஏழு மணிக்கு வடக்கே அண்ணாந்தால் பேர்சியஸ் விண்மீன் கூட்டம் தெரியும். அந்தத் திசையில், வெறுங்கண்ணுக்கு எட்டாமல், சுமார் 24 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு பேரடைக் கொத்து இருக்கிறது. அங்கிருந்து வரும் எக்ஸ் கதிரைப் பற்றித்தான் 2014 முதல் இந்தச் சர்ச்சை.

வளிமண்டலம் எக்ஸ் கதிரை விழுங்கிவிடும். 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை உச்சியில் தொலைநோக்கி வைத்தாலும் பயனில்லை, செய்மதிதான் வேண்டும். ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் செய்மதி 73 பேரடைக் கொத்துகளிலிருந்து திரட்டிய ஒளியை எஸ்ரா புல்புல் குழுவினர் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 3.5 கிலோ இலத்திரன் வோல்ற்று அருகே, அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத மெல்லிய மேடு ஒன்று, அதாவது ஒரு நிறமாலைக் கோடு, இருந்தது. சென்னையில் படித்த தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கியின் பேர்சியஸ் பதிவிலும் அது தெரிந்தது. அதே 2014இல் அலெக்சி போயர்ஸ்கி குழுவினர் அன்ட்ரோமெடாப் பேரடையிலும் கண்டதாக அறிவித்தார்கள்.

பரபரப்புக்குக் காரணம் கரும்பொருள். பேரடைகள் ஒன்றையொன்று சுற்றும் வேகத்துக்குக் கண்ணில் படும் பொருளின் ஈர்ப்பு போதாது என்று 1933இலேயே ஃபிரிட்ஸ் சுவிக்கி கணக்கிட்டுவிட்டார். பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறத்தாழ 85 வீதம் இப்படி ஒளிந்திருக்கிறது. அது ‘மலட்டு நியூட்ரினோ’ என்ற துகளாக இருந்தால், மிக அபூர்வமாகச் சிதைந்து ஒரு சாதாரண நியூட்ரினோவையும் ஒரு ஒளித்துகளையும் தரும். சக்தி இரண்டுக்கும் சரிபாதி. ஒளிக்கு 3.5 என்றால் தாய்த்துகளின் நிறை 7. கணக்கு அழகாகத்தான் இருந்தது.



ஆனால் அந்த மேடு பின்னணி ஒளியில் ஏறத்தாழ ஒரு வீதந்தான். அரைக் கிலோ பிசகும் தராசில் கால் கிலோ கொழுந்து கூடியிருக்கிறது என்று சொல்வது போன்ற நிலை. கொத்துகளை நிரப்பும் கொதிவாயுவிலுள்ள பொற்றாசியமே அதே இடத்தில் ஒளிரும் என்று ஜெல்டெமாவும் புரோஃபூமோவும் அதே ஆண்டில் எழுதினார்கள். வேறு சிலர் கந்தகத்தைக் காட்டினார்கள்.

இதைப் பிரித்தறியும் நுட்பமான கருவியோடு ஜப்பானின் ஹிட்டோமி செய்மதி 2016 பெப்ரவரியில் ஏறியது. பேர்சியஸைப் பார்த்த சில வாரங்களில் கட்டுப்பாடிழந்து சுழன்று உடைந்தது. மிஞ்சிய தரவில், பேர்சியஸில் சொல்லப்பட்ட அளவுக்குப் பிரகாசமான கோடு இல்லை.

என்னைக் கவர்ந்த சோதனை 2020இல் வந்தது. நம் பால்வீதியே கரும்பொருளுக்குள் மூழ்கிக் கிடக்கிறது. கதை உண்மையானால் வெறும் வானிலும் அந்த ஒளி கசிய வேண்டும். கிட்டத்தட்ட ஓராண்டு நேரத்துக்குச் சமமான எக்ஸ்எம்எம் பதிவுகளில் டெசெர்ட், ராட், சாஃப்டி மூவரும் தேடினார்கள். கிடைக்கவில்லை. 2023இல் சாஃப்டி உள்ளிட்ட குழு பழைய தரவுகளையே திரும்ப அலசி, பெரும்பாலானவற்றில் கோட்டுக்கே ஆதாரமில்லை என்றது. பின்னணியைக் கணித்த விதமே மேட்டை உண்டாக்கியது என்பது அவர்கள் வாதம். 2020 தேடலின் முடிவைப் போயர்ஸ்கி குழு ஏற்கவில்லை. எனக்கு மறுப்பவர் பக்கமே வலுவாகப் படுகிறது. கோடு பொய்த்தாலும் கரும்பொருள் பொய்த்துவிடாது. வேட்பாளர்களில் ஒருவரின் சாட்சிதான் பலவீனப்படும்.

2023 செப்டெம்பரில் ஏறிய எக்ஸ்ரிஸம் செய்மதி, ஹிட்டோமியின் வாரிசு. கருவியின் முன்னுள்ள கதவு திறக்காமலே போனதால் குறைந்த சக்திக் கதிர்களை அது இழக்கிறது, 3.5க்கு அது தடையில்லை. பத்துக் கொத்துகளின் பதிவைச் சேர்த்த முதல் தேடலில் கோடு தென்படவில்லை. ஆனால் 2014இல் சொல்லப்பட்ட ஒளியை உறுதியாக மறுக்க இன்னும் ஐந்து மடங்கு கூர்மை வேண்டும். அதற்கு மேலும் சில ஆண்டுப் பதிவுகள் சேர வேண்டும்.