களவா மீன்கள்: வகையும் வாழ்வும்

ஊரைவிட்டு வந்து மேற்கிலும் வடக்கிலும் குடியேறிய தமிழர்கள் மீன்கடையில் முதலில் தடுமாறுவது பெயரில்தான். நம் வஞ்சிரம் மும்பையில் சுர்மை ஆகிவிடுகிறது; வவ்வால் பாப்லெட் ஆகிவிடுகிறது. களவாவுக்கும் இதே கதிதான். மராத்திக் கடைக்காரர் அதை ஹெக்ரு என்பார். வளைகுடா நாடுகளில் இருந்து வந்தவர்கள் 'ஹமூர்' என்று சொன்னால்தான் புரிந்துகொள்வார்கள். ஆங்கிலத்தில் குரூப்பர். சில இடங்களில் ராக் காட், ரீஃப் காட் என்றும் விற்பார்கள். ஆனால் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் வாழும் காட் மீனுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது.

பெயர் பலவாக இருக்கலாம், மீனாவது ஒன்றுதானே என்றால், அதுவும் இல்லை. களவா என்பது ஒரு மீனின் பெயரல்ல, ஒரு கூட்டத்தின் பெயர். உலகம் முழுவதும் ஏறத்தாழ 160 இனங்கள் இதில் அடங்கும். பெரும்பாலானவை வெப்பக் கடல்களின் பவளப்பாறைகளிலும் கற்பாறைகளிலும் வாழ்பவை. நம் மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் இடங்கள்தாம் இவற்றின் வீடு. இவற்றை எப்படி இனம் பிரிக்கிறார்கள், எப்படி வாழ்கின்றன, ஏன் கவலைப்பட வேண்டியிருக்கிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

முள்ளை எண்ணினால் போதும்

நீண்ட காலமாகக் களவாக்களைச் 'செர்ரானிடே' என்னும் பெரிய குடும்பத்தின் ஒரு கிளையாக வைத்திருந்தார்கள். 1993-ல் உலக உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக ஃபிலிப் ஹீம்ஸ்ட்ராவும் ஜான் ராண்டலும் தொகுத்த களவாப் பட்டியலும் அந்த முறையைத்தான் பின்பற்றியது. இன்றும் இத்துறையில் கைநூலாகப் பயன்படுவது அதுவே. பின்னர் மரபணு ஆய்வுகள் வந்தன. செர்ரானிடே என்று ஒன்றாகக் கட்டி வைத்திருந்த மீன்கள் எல்லாம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை அல்ல என்று தெரிந்தது. அதனால் இப்போது பல அறிஞர்கள் களவாக்களை 'எபினெஃபிலிடே' என்ற தனிக் குடும்பமாகவே எழுதுகிறார்கள்.

குடும்ப விவகாரம் அறிஞர்களோடு இருக்கட்டும். கடையில் நிற்கும் நமக்கு ஒரு சுலபமான வழி உண்டு. முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் இருக்கும் கடினமான முட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். 11 முட்கள் இருந்தால் பெரும்பாலும் எபினெஃபிலஸ். களவாக்களில் மிகப் பெரிய பேரினம் இதுதான். 9 முட்கள் இருந்து, வால் வட்டமாக, உடல் சிறியதாக இருந்தால் செஃபலோஃபோலிஸ். அதே 9 முட்களுடன் வால் பிறைபோல வளைந்திருந்தால் வேரியோலா. 10 முட்களும், சிறிய தலையும், கூன் விழுந்தாற்போன்ற முதுகும் இருந்தால் குரோமிலெப்டிஸ். 7 அல்லது 8 முட்கள் மட்டுமே என்றால் பிளெக்ட்ரோபோமஸ், அதாவது பவளக் களவா.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். களவா நொடிப்பொழுதில் நிறத்தை மாற்றும். செத்தபின் இன்னொரு நிறம். பனிக்கட்டியில் இரண்டு நாள் கிடந்தபின் வேறொரு நிறம். முள்ளின் எண்ணிக்கை மாறாது.

தரங்கம்பாடியும் கங்கையும்

களவாக்களின் அறிவியல் பெயர்களில் இந்தியாவுக்கு நல்ல பங்குண்டு. எபினெஃபிலஸ் என்ற பேரினப் பெயரை 1793-ல் வைத்தவர் பெர்லின் நகர மருத்துவர் மார்க்கஸ் எலீசர் ப்ளோக். 'மேகம் மூடிய' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். கண்ணின் மேல் மூட்டம் போட்டதுபோல் தெரியும் சவ்வைக் குறித்தது அது. ப்ளோக் தமிழ்நாட்டுக்கு வந்தவர் அல்லர். தரங்கம்பாடியில் இருந்த மதப்பணியாளர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் போன்றவர்கள் பதப்படுத்திய மீன்களை அவருக்குக் கப்பலில் அனுப்பிவைத்தார்கள். ப்ளோக் இறந்தபின் 1801-ல் ஷ்னைடர் வெளியிட்ட நூலில் 'மலபாரிகஸ்' என்ற களவா இடம்பெற்றது. அதன் மூல ஊர் தரங்கம்பாடி! சோழமண்டலக் கரை மீனுக்கு மலபார் பெயரா என்று கேட்கலாம். அக்கால ஐரோப்பியர் தமிழையே மலபார் மொழி என்று எழுதியவர்கள் என்பதை நினைத்தால் வியப்பு அடங்கிவிடும்.

1822-ல் கங்கை மீன்களைப் பற்றி நூல் எழுதிய ஃபிரான்சிஸ் ஹாமில்டன், வங்கத்து முகத்துவாரத்தில் கிடைத்த ஒரு களவாவுக்குக் 'கோயாய்டிஸ்' என்று பெயரிட்டார். வங்காளிகளின் கோய் மீனைப்போல, அதாவது நம் பனையேறிக் கெண்டையைப்போல, இருக்கிறது என்பது பொருள். உடலெங்கும் செம்மஞ்சள் புள்ளிகள் கொண்ட இந்தக் களவாவும், கருப்புப் புள்ளிகளோடு வெண்திட்டுகள் கலந்த மலபாரிகஸும், செங்கடலில் இருந்து 1775-லேயே விவரிக்கப்பட்ட 'டவ்வினா'வும் நூறாண்டுக்கு மேல் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. மீன் வளர்ப்பு ஆய்வுகளில் டவ்வினா என்று எழுதப்பட்டவற்றில் பல உண்மையில் கோயாய்டிஸ்தான். 1990-களின் தொடக்கத்தில் ராண்டலும் ஹீம்ஸ்ட்ராவும் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. எந்த மீன் எவ்வளவு பெரிதானால் முட்டையிடும், எப்போது கூடும் என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறும். பெயர் தவறினால் கணக்கு முழுவதும் தவறும்.

பவளக் களவாக்கள்

பிளெக்ட்ரோபோமஸ் என்ற கூட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். செவுள்மூடியின் முன்னெலும்பில், கீழ் விளிம்பில், முன்னோக்கி நீட்டிய மூன்று முட்கள் இருக்கும். சேவலின் கால்முள்ளைப்போன்ற அவற்றைக் கொண்டே இந்தப் பெயர் வந்தது. கீழ்த்தாடையின் பக்கங்களில் பெரிய கோரைப்பற்கள் உண்டு. மற்ற களவாக்களைவிட உடல் நீண்டிருக்கும். செங்கடலில் தொடங்கிப் பசிபிக் தீவுகள்வரை ஏழு இனங்கள் என்று 1986-ல் வகுத்தார்கள். செங்கடல் வகையைத் தனியாகப் பிரித்து எட்டு என்பாரும் இன்று உண்டு.

இவற்றில் 'லேவிஸ்' என்ற இனம் வகைப்பாட்டாளர்களை நன்றாக ஆட்டிவைத்தது. ஒரு வடிவம் வெண்ணிற உடலில் கருஞ்சேணம் போட்டு, மஞ்சள் துடுப்புகளோடு இருக்கும். மற்றொன்று செம்பழுப்பு உடலில் நீலப் புள்ளிகளோடு இருக்கும். இரண்டையும் இரண்டு இனங்களாகவே முன்பு எழுதினார்கள். பிறகுதான் ஒன்று என்று தெரிந்தது. அதன் குஞ்சுகள் இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்கின்றன. நச்சுடைய சிறிய பேத்தை மீனின் சேண வரிகளை அப்படியே அணிந்து திரிகின்றன. பேத்தை என்று எண்ணிப் பெரிய மீன்கள் ஒதுங்கிப்போகும்.

லட்சத்தீவுக் கடலில் லேவிஸோடு 'ஏரியோலேட்டஸ்' என்ற சதுரவால் களவாவும் உண்டு. உடலெங்கும் கருவிளிம்பிட்ட நீலப் புள்ளிகள்; வாலின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு. இதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

கூட்டு வேட்டை

களவா துரத்தி ஓடிப் பிடிக்கும் மீன் அல்ல. பாறை இடுக்கில் அசையாமல் கிடக்கும். இரை அருகில் வந்தவுடன் பெரிய வாயைத் திடீரென்று திறக்கும். நீரோடு சேர்ந்து இரையும் உள்ளே போய்விடும். கடித்து மெல்லும் வேலையே கிடையாது.

ஆனால் இரை பவள இடுக்குக்குள் புகுந்துகொண்டால் என்ன செய்வது? செங்கடலில் ரெடுவான் பிஷாரியும் உடன் ஆய்ந்தவர்களும் 2006-ல் வெளியிட்ட செய்தி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. அங்குள்ள பவளக் களவா, அஞ்சாலை விலாங்கு படுத்திருக்கும் வளைக்குச் சென்று, அதன் முன் தலையை வேகமாக ஆட்டுகிறது. 'வா, வேட்டைக்குப் போகலாம்' என்று கூப்பிடுகிற மாதிரி! அஞ்சாலை வெளியே வந்து கூடவே நீந்துகிறது. அது இடுக்குக்குள் நுழையும்; இரை வெளியே ஓடினால் களவாவுக்கு, உள்ளேயே மாட்டினால் அஞ்சாலைக்கு. 2013-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, இரை ஒளிந்த இடத்துக்கு நேர்மேலே களவா தலைகீழாக நின்று சுட்டிக்காட்டுகிறது என்று விளக்கியது. விரல் இல்லாத உயிர் விரல் நீட்டுகிறது என்றே சொல்ல வேண்டும்.

பெண்ணாகப் பிறந்து ஆணாக

களவாக்களில் பெரும்பாலானவை பெண்ணாகவே முதிர்ச்சி அடைகின்றன. சில ஆண்டுகள் முட்டையிட்டபின், உடல் பெருத்தபின், அவற்றில் சில ஆணாக மாறுகின்றன. சூற்பை சுருங்கி, விந்துத் திசு அதன் இடத்தில் வளர்கிறது. எல்லா இனங்களுக்கும் இது பொருந்தாது. கரீபியக் கடலின் நசாவ் களவா பெரும்பாலும் நேரடியாகவே ஆணாகவோ பெண்ணாகவோ வளர்கிறது. ஆனால் பொதுவிதி இதுதான்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். தூண்டில்காரர் பெரிய மீனைத்தான் விரும்புவார். பெரிய மீன் என்றால் ஆண் மீன். பெரியதைப் பிடிக்கப் பிடிக்கக் கடலில் ஆண்கள் அருகிப்போகும். மெக்சிகோ வளைகுடாவின் 'காக்' என்ற களவாவில் 1970-களின் இறுதியில் 17 விழுக்காடாக இருந்த ஆண்கள், 1990-களில் 2 விழுக்காட்டுக்கும் கீழே போனதாகக் கணக்கிட்டார்கள். முட்டையிட மீன் இருக்கிறது. முட்டையைக் கருவாக்க ஆள் இல்லை. சிறிய மீனை விட்டுவிட்டோம், அதனால் பாதுகாத்துவிட்டோம் என்ற நம் வழக்கமான நியாயம் இங்கே செல்லாது.

மீன் பண்ணைக்காரர்களுக்கும் இதே தலைவலி. ஆண் கிடைக்காததால், பெண் மீன்களுக்கு ஹார்மோன் கொடுத்து ஆணாக்க வேண்டியிருக்கிறது. பொரிந்து வரும் குஞ்சின் வாயோ மிகச் சிறியது. அதற்குப் பொருந்தும் நுண்ணிரை கிடைக்காமல் பெரும்பாலானவை மடியும். இந்தத் தடைகளைத் தாண்டித்தான் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விசாகப்பட்டினம் மையம் 2010-களில் கோயாய்டிஸ் களவாவின் குஞ்சு உற்பத்தியில் வெற்றிகண்டது.

அமாவாசைக் கூட்டம்

ஆண்டு முழுதும் தனித்தனியே வாழும் பல களவா இனங்கள், குறிப்பிட்ட மாதத்தில், குறிப்பிட்ட நிலாநாளில், குறிப்பிட்ட ஒரே பாறையில் நூற்றுக்கணக்கில் கூடி முட்டையிடும். மறுபடி கலைந்துவிடும். அடுத்த ஆண்டும் அதே இடம்தான். சதுரவால் களவாவுக்கு அமாவாசையை ஒட்டிய நாட்கள்.

லட்சத்தீவில் 1960-களிலிருந்து சூரை மீனைக் கம்புத் தூண்டிலால் பிடிப்பதே முதன்மைத் தொழிலாக வளர்ந்தது. மனிதர்களின் கவனம் ஆழ்கடல் பக்கம் இருந்ததால் பவளப்பாறை மீன்கள் பிழைத்துக்கிடந்தன. அப்படித் தொடப்படாமல் இருந்த ஒரு சதுரவால் களவாக் கூட்டத்தை ருச்சா கர்க்கரே, ரோஹன் ஆர்தர் முதலியோர் ஆய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். மிக நெருக்கமான அந்தக் கூட்டத்தில், பாறைச் சரிவில் தன் எல்லையைக் காத்துப் பெண்ணை அழைக்கும் வழக்கமான ஆண்களோடு, வேறொரு முறையும் நடந்தது. மேலே நீந்தும் சிறிய பெண்களின் திரளோடு பெரிய ஆண்கள் சேர்ந்து இனப்பெருக்கம் செய்தன. வேறெங்கும் இந்த மீனில் பதிவாகாத பழக்கம் இது.

பிறகு வணிக மீன்பிடி அந்த இடத்தையும் எட்டியது. அதே குழு 2019-ல் எழுதியது வருத்தமான தொடர்ச்சி. கூட்டத்தின் நெருக்கம் பெருமளவு குறைந்தது. நெருக்கத்தை நம்பியிருந்த அந்தத் தனிப் பழக்கமும் மறைந்தது. ஓர் இனம் அழியும்முன்பே அதன் வாழ்க்கைமுறை அழிந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இதோடு கடல் சூடேறுவதும் சேர்ந்துகொள்கிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவுப் பவளங்கள் வெளுத்து மடிந்தன. பாறை உருக்குலைந்த இடங்களில், பதுங்கிப் பிடிக்கும் சிறிய மயில்களவா அலைந்து தேடிப் பிடிக்கும் பழக்கத்துக்கு மாறிச் சமாளித்தது. நீண்ட நாள் வாழும் பெரிய களவாக்களால் அப்படிச் சமாளிக்க முடியவில்லை. நிலையான பாறை இருந்த இடங்களிலேயே அவை தங்கின.

நம் பங்கு

உலகின் 163 களவா இனங்களை மதிப்பிட்டு 2013-ல் வெளியான ஆய்வு, அவற்றில் 20 இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன என்றது. எட்டில் ஒன்று! நம் நாட்டில் 400 கிலோவரை வளரக்கூடிய ராட்சதக் களவா 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் உள்ள இடம் அது.

சட்டம் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முட்டையிடும் பருவத்து அமாவாசைகளை ஒட்டிச் சில நாட்கள் பவளப்பாறை மீன்பிடிப்பை நிறுத்திவைக்கிறார்கள். ஆண்டு முழுதும் தடை வேண்டாம். அந்தச் சில நாட்கள் விட்டால் போதும் என்பது நியாயமான ஏற்பாடு. தீவுகளிலும் மன்னார் வளைகுடாவிலும் எந்தப் பாறையில், எந்த நாளில் களவா கூடும் என்பது மூத்த மீனவர்களுக்குத் தெரிந்த விஷயம். அவர்களைக் கேட்டு, அவர்களோடு சேர்ந்து அந்த நாட்களைக் குறிக்க வேண்டும்.

வாங்குகிற நமக்கும் வேலை இருக்கிறது. விருந்துக்கு ஆளுயர மீன் வேண்டும் என்று கேட்காதீர்கள். அது அந்தப் பாறையின் கடைசி ஆணாக இருக்கலாம். உள்ளங்கை அளவுக் குஞ்சையும் வாங்காதீர்கள். நடுத்தர மீன் குழம்புக்கும் ருசி, கடலுக்கும் நல்லது. அடுத்த முறை கடையில் ஹெக்ருவோ ஹமூரோ கண்ணில் பட்டால், விலை கேட்கும்முன் முதுகு முட்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.