தேரும் தச்சனும்

அதியமானின் ஆற்றலைச் சொல்ல வந்த ஒளவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன் ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்த தேர்க்காலை அவனுக்கு உவமையாக்கினார். புறநானூறு பயின்றோர் அவ்வுவமையை மறவார். அதியமானை அறிவோம், முல்லைக்குத் தேரீந்த பாரியையும் அறிவோம். ஆனால், அத்தேர்களைச் செய்த தச்சர் யாவர்? அவர்தம் பெயர் நமக்கு எட்டவில்லை. தேரின் புகழ் அதில் ஏறியவனையே சேர்வது உலக வழக்காகிவிட்டது.

இவ்வழக்கிலிருந்து சற்றே விலகி நிற்கும் தேரொன்றின் வரலாறு இருபதாம் நூற்றாண்டில் உண்டு. 1930களில் இந்தூரை ஆண்ட இரண்டாம் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் நவீன கலையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். அவருக்காக மாணிக் பாக் அரண்மனையைப் புதுப்பாணியில் அமைத்தவர் ஜேர்மனியக் கட்டடக் கலைஞர் எக்கார்ட் முத்தேசியுஸ். அம்மன்னர் தமக்கென்று செய்வித்த கார்களுள் ஒன்று ‘டூசன்பேர்க் எஸ்.ஜே.’ என்பது. இயந்திரமும் அடிச்சட்டமும் அமெரிக்காவில் ஆனவை. மேலுடலை அமைத்தது இலண்டனின் கேர்னி நட்டிங் பட்டறை. செம்மஞ்சளும் கறுப்பும் அதன் வண்ணங்கள். ‘இந்தூர் மகாராஜாவின் கார்’ என்றே அது இன்றும் பேசப்படுகிறது. எனினும், அது தாங்கி நிற்கும் டூசன்பேர்க் என்னும் பெயர் எந்த அரசனுடையதுமன்று, கைத்தொழிலாளர் இருவருடையது.

பிரெட் டூசன்பேர்க் 1876ஆம் ஆண்டிலும், அவர் தம்பி ஓகஸ்ட் 1879ஆம் ஆண்டிலும் ஜேர்மனியின் லிப்பே என்னும் பகுதியிற் பிறந்தவர்கள். சிறுவராயிருக்கையிலேயே குடும்பத்துடன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குடியேறினர். பொறியியற் கல்லூரியின் வாயிலை அவர்கள் மிதித்ததில்லை. துவிச்சக்கர வண்டிகளைச் செய்தும் திருத்தியும், அவற்றிற் பந்தயம் ஓடியுமே பிரெட் தொழில் கற்றார். 1906ஆம் ஆண்டளவில் அவர் வடிவமைத்த கார், முதலீடு செய்த வழக்கறிஞரின் பெயரால் ‘மேசன்’ என்று வழங்கியது. ஆக்கியோன் ஒருவன், பெயர் பெற்றவன் இன்னொருவன் என்ற பழைய கதையே அங்கும் நிகழ்ந்தது. 1913இலேதான் சகோதரர் தம் சொந்தப் பெயரில் நிறுவனம் கண்டனர்.

அவர்களுக்கு ஆய்வுகூடமாய் அமைந்தது பந்தயத் திடலே. 1921ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் நகரில் நடைபெற்ற பெரும் பந்தயத்தில் ஜிம்மி மேர்பி ஓட்டிய டூசன்பேர்க் கார் முதலிடம் பெற்று ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வெற்றிக்கு வேகம் மட்டும் காரணமன்று. வேகத்தை அடக்கும் திறனும் காரணமாகும். அக்காலக் கார்களின் பிரேக்குகள் கம்பிகளாலும் கோல்களாலும் இயங்கின. அவற்றின் இழுவை சில்லுக்குச் சில்லு வேறுபட்டால் வண்டி ஒருபக்கம் சாயும். டூசன்பேர்க் காரிலோ, குழாயில் அடைபட்ட திரவம் மிதியின் அழுத்தத்தை நான்கு சில்லுகளுக்கும் கொண்டு சென்றது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எத்திசையும் ஒரே அளவாய்ப் பரவும் என்னும் பஸ்காலின் விதியை நம் மாணவர் அறிவர். அவ்விதியையே சகோதரர் தெருவுக்குக் கொணர்ந்தனர். அதே ஆண்டிலே விற்பனைக்கு வந்த அவர்களுடைய ‘ஏ’ மாதிரிக் காரிலும் இவ்வமைப்பு இருந்தது.

ஆயினும், தொழில் தெரிந்தவர்க்கு வாணிகம் கைகூடவில்லை. 1926இல் நிறுவனம் கோர்ட் என்னும் தொழிலதிபரின் கைக்கு மாறிற்று. உலகிற் சிறந்த காரைச் செய்து தருக என்பதே பிரெட்டுக்கு அவர் இட்ட பணி. அதன் விளைவாக, 1928 டிசம்பரில் நியூயோர்க் கண்காட்சியில் ‘ஜே’ மாதிரி தோன்றியது. ஒரே வரிசையில் எட்டு உருளைகள், உருளைக்கு நான்காக 32 வால்வுகள், ஏறத்தாழ 6.9 லீற்றர் கொள்ளளவு, 265 குதிரைவலு. மேலுடல் இல்லாத அடிச்சட்டத்தின் விலை மட்டும் 8,500 டொலர்! அந்நாளில் முழு ஃபோர்ட் காரொன்று ஐந்நூறு டொலர் அளவில் விற்றது. நாளொன்றுக்கு எட்டுத் தேரும், திங்களுக்கு ஒரு தேர்க்காலும் என்னும் பழைய வேற்றுமை அமெரிக்க மண்ணில் இவ்வாறு மீண்டும் தோன்றிற்று.

அடுத்த ஆண்டே பங்குச்சந்தை சரிந்தது. செல்வர் சிலரன்றி எவரும் இத்தகைய காரை நாடவில்லை. 1932இல் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி பூட்டிய ‘எஸ்.ஜே.’ 320 குதிரைவலுவுடன் வந்தது. அவ்வாண்டு ஜூலையில், தம் நிறுவனக் காரொன்றையே ஓட்டிச் சென்ற பிரெட் பென்சில்வேனியாவில் விபத்துக்குள்ளாகி, சில வாரங்களில் உயிர் நீத்தார். 1937இல் தொழிற்சாலையும் மூடப்பட்டது. அதுவரை உருவான ‘ஜே’ வகைக் கார்கள் ஐந்நூறை எட்டவில்லை. தம்பி ஓகஸ்ட் 1955 வரை வாழ்ந்தார்.

அவ்வாடம்பரம் இன்று அருங்காட்சியகத்துக்கும் ஏலக்கூடத்துக்கும் உரியதாகிவிட்டது. ஆனால் அதனுள் இருந்த அறிவு அழியவில்லை. உருளைக்கு நான்கு வால்வு என்னும் அமைப்பைச் சகோதரரே முதலிற் கண்டனர் என்பதற்கில்லை. 1912ஆம் ஆண்டின் பியூஜோ பந்தயக் காரிலே அது இருந்தது. எனினும், மன்னரும் செல்வருமே அன்று விலைகொடுத்துப் பெறத்தக்கதாயிருந்த அவ்வமைப்பும், திரவ பிரேக்கும், இன்று வெள்ளவத்தைக் காலி வீதியில் நெரிசலிடையே ஊரும் சிறிய ஜப்பானியக் காரிலும் உள்ளன. பாதசாரி ஒருவர் குறுக்கிட்டதும் அக்கார் நேராய் நின்றுவிடுகிறதே, அதுவன்றோ அத்தச்சர் விட்டுச்சென்ற உண்மையான செல்வம்!

அச்செல்வத்தைக் காத்துத் தருவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி வாங்கி, கொட்டாஞ்சேனைப் பட்டறையில் எண்ணெய் படிந்த கைகளோடு வண்டியின் கீழ்க் கிடந்து பிரேக் திருத்தும் தொழிலாளியின் பெயரை நம்மில் எத்தனைபேர் கேட்டிருக்கிறோம்?